நாலு மணி நேரம் தங்கும் தண்ணீர்

ஜவ்வாது மலையில் அந்தப் பெண்கள் விடுதியின் மணி அடித்தால், எதிர்ச்சரிவில் மேய்கிற வெள்ளாடுகள்கூடக் குளிக்கக் கிளம்பிவிடும் என்பார்கள். அவ்வளவு கண்டிப்பான மணி. காலை ஆறு மணிக்கு வார்டன் அன்னாள் தன் கையாலேயே அடிப்பார். அடித்த மறுநொடி முந்நூறு பெண்பிள்ளைகளும் முந்நூறு வாளிகளும் ஒரே நேரத்தில் கிளம்பும் சத்தத்தில், கீழே ஆலங்காயத்தில் டீ ஆற்றிக்கொண்டிருப்பவரின் கை நடுங்கும். ஏழு மணிக்கு இரண்டாவது மணி. அதற்குள் முந்நூறு பேரும் குளித்து, துவைத்து, இரட்டைச்சடை பின்னி, பிரார்த்தனை வரிசையில் நின்றாக வேண்டும்.

அத்தனை பேரும் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று அந்த மலையில் கவலைப்பட்ட ஒரே ஆள் மணிவேல்தான்.

விடுதிக்குப் பின்னால், சரிவில், ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. ஒரு பக்கம் கலங்கல் தண்ணீர் உள்ளே வரும். அழுக்கெல்லாம் அடியில் படிந்துவிட, மறுபக்கம் தெளிந்த தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழியும். அங்கிருந்து கல்வாழைப் பாத்திக்குள் புகுந்து, கடைசியில் ஓடையில் சேரும். தொட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் மணிவேலின் வேலை. ஆறு வருடமாகப் பார்க்கிறான். மற்றவர்கள் மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல அதன் சுவரைத் தடவிக்கொடுப்பான். சனிக்கிழமை தவறாமல் அடிக்கசடை வாரி எடுப்பான். பக்கத்தில் நீலப் பலகை ஒன்று நட்டிருந்தது. 'தெளிவுத் தொட்டி. கொள்ளளவு 5,000 லிட்டர். தண்ணீர் தங்கும் நேரம் 4 மணி.' விடுதிக்கு வருகிற யாரையும் விடமாட்டான். இழுத்துவந்து அந்தப் பலகையைப் படித்துக் காட்டுவான்.

"நாலு மணி நேரம் உள்ள உக்காந்துட்டுதாங்க வெளிய வரும். நாமகூட ஒரு எடத்துல அவ்ளோ நேரம் உக்கார மாட்டோம்."

அப்படிப்பட்ட தொட்டி அவனை இரண்டு தடவை கைவிட்டுவிட்டது.

தை மாதம் திருப்பத்தூரிலிருந்து பொறியாளர் சைலஸ் வந்து, தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டு போனார். கசடு அதிகம் என்று முடிவு வந்தது. சித்திரையில் மறுபடி வந்தார். இந்த முறை அதைவிட அதிகம். மூன்றாவது புட்டியும் தேறாவிட்டால், பராமரிப்பை வெளியூர்க் கம்பெனியிடம் விட்டுவிடுவது என்று கடிதம் வந்தது. கம்பெனி வந்தால் தன் ஆளோடுதான் வரும். மணிவேல் மறுபடி குடகு காப்பித் தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். வருடத்தில் எட்டு மாதம் அங்கே, நாலு மாதம் இங்கே. கல்யாணமான புதிதில் ஏழு வருடம் அப்படித்தான் ஓடியது. ஒரு முறை ஊர் திரும்பியபோது, சொந்த நாயே அவனை அடையாளம் தெரியாமல் கடிக்க வந்தது.

குடகுக்குக் கொண்டுபோகிற சிவப்பு ரெக்சின் பை வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவன் மனைவி செல்லி அந்தப் பையை இறக்கி, அறுந்திருந்த வாரைத் தைத்து, திரும்ப மாட்டினாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மணிவேலுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புதிர் என்னவென்றால், மற்ற நாட்களில் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு மேல் வந்து பார்த்தால், அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பொறியாளர் வருகிற அன்று மட்டும், அவர் முகத்தைப் பார்த்ததும் தண்ணீருக்குப் பித்தம் தலைக்கேறிவிடும்போல.

ஒரு வெள்ளிக்கிழமைதான் விஷயம் பிடிபட்டது. வெள்ளிக்கிழமை என்றால் பிள்ளைகள் மஞ்சள் பூசிக் குளிப்பார்கள். முந்நூறு பேர் பூசுகிற மஞ்சளில் ஊருக்கே ஒரு வருடம் குழம்பு வைக்கலாம். ஆறு பத்துக்குத் தொட்டிக்குள் மஞ்சள் தண்ணீர் திமுதிமுவென்று இறங்குவதை மணிவேல் பார்த்தான். நாலு மணி நேரம் தங்கும் என்றால் பத்து பத்துக்கு வெளியே வர வேண்டும். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மறுபக்கம் போனான். ஆறரைக்கு அந்தப் பக்கத்து விளிம்பில் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது.

பீடி கையைச் சுட்டது. இருபதே நிமிடம்! நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஆறு வருடமாகச் சத்தியம் செய்துவிட்டு, முன்வாசலில் நுழைந்த கையோடு பின்வாசலில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! பலகையைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். ஊருக்கெல்லாம் பொய் சொல்லியிருக்கிறோம் என்று காது மடல் சூடேறியது.

நேரே சமையற்கட்டுக்கு ஓடினான். தலைமைச் சமையல்காரி அம்சவல்லி சாமை அரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து அந்தச் சமையற்கட்டில் பல்லிகூடச் சத்தம் போடாது.

"இன்னாடா மணிவேலு, பேயறைஞ்ச மாரி வர்ற?"

"அக்கா, தொட்டி ஏமாத்துதுக்கா. தண்ணி தங்கவே மாட்டேங்குது."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அம்சவல்லி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த குண்டானின் மூடி ஆடியது.

"தொட்டிய ஏன்டா திட்டுற? இங்க பாரு." சாமைச் சட்டியை மெல்லச் சாய்த்தாள். சாமை தண்ணீரோடு வழிந்தது. கல் எல்லாம் அடியில் நின்றது. "மெதுவா சாய்ச்சா கல்லு நிக்கும். உன்ன மாரி அவசரக்காரன் மடக்குனு கவுத்தா, கல்லும் சாமையும் ஒண்ணா வந்து திங்கறவன் பல்லு போய்டும். சட்டி அதே சட்டிதான். ஊத்துற வேகத்துல கீது எல்லாம்."

மணிவேல் அடுப்புக்கரி ஒன்றை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டான். ஒரு பிள்ளைக்குக் காலையில் குளிக்கவும் துவைக்கவுமாக ஐம்பது லிட்டர். முந்நூறு பிள்ளைக்குப் பதினைந்தாயிரம். அத்தனையும் ஒரே மணி நேரத்தில். தொட்டியோ ஐயாயிரம். ஒரு மணி நேரத்தில் மூன்று தொட்டித் தண்ணீர் வந்து முட்டித் தள்ளினால், ஒரு தொட்டித் தண்ணீர் எத்தனை நேரம் உள்ளே நிற்கும்?

"இருபது நிமிஷம்!" என்று கூவினான்.

"செவுத்த கரியாக்கிட்டு கூவுறான் பாரு. தொடைச்சிட்டு போடா" என்றாள் அம்சவல்லி.

துடைக்கிறபோதே இன்னொன்றும் உறைத்தது. மற்ற நாளில் ஏழு மணியோடு வெள்ளம் வடிந்துவிடும். அதன்பின் தொட்டிக்கு வேலை குறைவு. நிதானமாகத் தெளியவைக்கும். ஆனால் ஆபீசர் வருகிறார் என்று போன் வந்துவிட்டால் போதும். அன்னாள் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விடுதி முழுவதையும் கழுவ ஆரம்பித்துவிடுவார். வராந்தா, படிக்கட்டு, ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம், கொடிக்கம்ப மேடை வரை. மரத்தடியில் படுத்திருந்த நாயையும் ஒரு தடவை கழுவிவிட்டார்கள். எட்டு மணி வரை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சைலஸ் சார் ஆலங்காயத்தில் உள்ள தன் வீட்டிலிருந்து விடியலில் கிளம்பி, ஏழரைக்கெல்லாம் புட்டியோடு வந்து நிற்பார். அவருக்கு மரியாதை செய்வதற்காகக் கழுவிய அழுக்கெல்லாம், அவர் புட்டிக்குள்ளேயே போய் இறங்கியிருக்கிறது.

ஆனி மாதம் பிறந்ததும் போன் வந்தது. வியாழக்கிழமை வருகிறார். மணிவேல் அன்னாள் அம்மா முன்னால் போய்க் கை கட்டி நின்றான்.

"அம்மா, அன்னிக்கி ஒரு நாளு மட்டும் எதையும் கழுவாதீங்கம்மா. புள்ளைங்களையும் நாலு கூட்டமா பிரிச்சி குளிக்க சொல்லுங்க."

"கழுவக் கூடாதா? ஆபீசர் வர்ற அன்னிக்கா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றினால் ஒரு பர்லாங் தூரத்தில் இருப்பவர்களும் நகர்ந்துகொள்வார்கள். "இன்னா பேச்சு பேசுற நீ?"

"கழுவறதாலதாம்மா தண்ணி கலங்குது."

அன்னாள் குரலைத் தாழ்த்தினார். "மணிவேலு, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆபீசர் வந்தாரு. சமையக்கட்டு மூலையில ஒரே ஒரு ஒட்டடை. அத்த நோட்டுல எழுதிட்டு போய்ட்டாரு. 'விடுதி சுத்தமாக இல்லை'. இன்னிக்கும் அந்த நோட்டு என் அலமாரியில கீது. எங்கப்பா சர்ச்சுல கோயில்பிள்ளையா இருந்து பெஞ்சு பெஞ்சா தொடைச்சி எங்கள வளத்தாரு. அவரு மகள பாத்து சுத்தமில்லன்னு எழுதிட்டாங்கப்பா. என்னால முடியாது. வேற எதுனா கேளு."

அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கு அந்த நோட்டு, தனக்கு அந்தச் சிவப்புப் பை. யாரைக் குற்றம் சொல்ல? சமையற்கட்டுக்குப் போய், "அக்கா, ஒரு படி மஞ்சத்தூள் குடு" என்றான்.

"ஒரு படியா? யாருக்குடா கல்யாணம்?"

"தொட்டிக்கு."

வியாழக்கிழமை ஏழரைக்கு ஜீப் வந்து நின்றது. அன்னாள் அம்மாவின் உத்தரவில் விடுதி ஐந்து மணியிலிருந்தே வெள்ளக்காடாகக் கிடந்தது. வாசலில் இறங்கிய சைலஸ் சாரின் ஷூ நனைந்து, நடக்கிற இடமெல்லாம் தவளைபோலக் கத்தியது. ஒல்லியான மனிதர். கைக்கடிகாரத்தை நிமிடத்துக்கு இருமுறை பார்ப்பவர். பத்து வருடத்துக்கு முன்பு இந்தத் தொட்டியை வரைந்து கட்டியவரும் அவர்தான். நீலப் பலகையின் வாசகமும் அவர் எழுதிக் கொடுத்தது.

தொட்டியின் விளிம்பில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் பாய்ந்து வழிந்தது. சைலஸ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு புட்டியைத் திறந்தார்.

"மணிவேல், எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. ஆனா தண்ணி நாலு மணி நேரம் உள்ள தங்குது. தங்கியும் இப்படி வந்தா, பராமரிப்பு சரியில்லன்னுதான் அர்த்தம்."

"சார், நாலு மணி நேரம் தங்குதுங்களா?"

"பலகையிலயே இருக்கே."

"அப்ப ஒரே ஒரு வேலை செய்ங்க சார்." மணிவேல் ஒரு பெரிய சொம்பு நிறைய மஞ்சள் கரைத்துவைத்திருந்தான். "இத்த உங்க கையாலயே தண்ணி உள்ள வர்ற எடத்துல ஊத்துங்க. நாலு மணி நேரம் கழிச்சி மஞ்சள் வெளிய வந்தா, நான் பேச்சே பேசாம குடகுக்கு பஸ் ஏறிடுறேன்."

தேங்காய் உடைக்க வருவதுபோல அம்சவல்லியும் அன்னாளும் வந்து கூடிவிட்டார்கள். மறுக்க வழியில்லாமல் சைலஸ் ஊற்றினார். மணி ஏழு முப்பத்திரண்டு. பிறகு மறுபக்கம் வந்து, புட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிள்ளைகள் வராந்தாவில் ஊற்றுகிற தண்ணீரின் சளசள மட்டும் கேட்டது.

ஏழு ஐம்பதுக்கு விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தலைகாட்டியது. ஏழு ஐம்பத்திரண்டுக்கு மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு நடக்கிறதுபோல வழிந்தது.

சைலஸ் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எப்படி?" என்றார், யாரையும் பார்க்காமல். "நான் சரியாத்தான போட்டேன். ஒரு நாளைக்கு முப்பதாயிரம் லிட்டர். அதை இருபத்து நாலால வகுத்தா மணிக்கு ஆயிரத்து இருநூத்தி ஐம்பது. தொட்டி ஐயாயிரம். நாலு மணி நேரம்."

"சார்," என்றான் மணிவேல் மிக மரியாதையாக, "புள்ளைங்க இருபத்து நாலு மணி நேரமும் குளிக்காதுங்க."

அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சைலஸின் முகம் விளிம்பில் வழிந்த தண்ணீரைவிட வெளிறியது. பத்து வருடம்! இதே கணக்கை வைத்து இந்த மலையில் இன்னும் எத்தனை தொட்டி கட்டினாரோ, அதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்துபோயிருக்கும். புட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இருந்தாலும் சாம்பிள் சாம்பிள்தான். இப்ப வர்ற தண்ணியதான் நான் புடிக்கணும்." பிடித்தார். புட்டிக்குள் மஞ்சளும் சாம்பலும் சுழன்றன.

மணிவேல் விடவில்லை. "புடிச்சிக்கோங்க சார். இப்ப கழுவறது நின்னுடும். இன்னொரு சொம்பு வெச்சிருக்கேன். அதையும் ஊத்திட்டு, அது எப்ப வருதுன்னு பாத்துட்டு, இன்னொரு புட்டி புடிங்க."

"எனக்கு பத்து மணிக்கு கீழ வேலை இருக்கு."

இந்த இடத்தில்தான் அம்சவல்லி உள்ளே புகுந்தாள்.

"சாமைச்சோறும் நாட்டுக்கோழி கொழம்பும் வெச்சிருக்கேங்க சார். நீங்க சாப்டாம எறங்குனீங்கன்னா, வர்ற ஆளுக்கு சோறு போடாத மலைன்னு கீழ எல்லாம் பேசுவாங்க. உக்காருங்க."

அந்த 'உக்காருங்க'வை மீறி எழுந்து போனவர்கள் இதுவரை யாருமில்லை. எட்டரைக்கு இரண்டாவது சொம்பை ஊற்றினார்கள். ஒன்பதுக்கு சைலஸ் இலை முன்னால் உட்கார்ந்தார். முதல் கவளத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது கவளத்தில் கடிகாரத்தை மறந்தார். ஏழாவது கவளத்தில், தன் சின்ன வயதில் தின்ற கோழிகளையெல்லாம் நினைத்து உருகினார். அம்சவல்லி ஊற்றிய குழம்பில் ஒரு தொட்டி நிரம்பியிருக்கும், அவர் இலையில் மட்டும் ஒரு சொட்டு மிஞ்சவில்லை. பத்து மணிக்குத் தூணில் சாய்ந்தார். அப்புறம் அவர் விட்ட குறட்டையில் கூரை ஓடு நாலு நகர்ந்துவிட்டது என்று அம்சவல்லி இன்றும் காட்டுவாள்.

மணிவேல் தொட்டியைவிட்டு நகரவில்லை. பதினொன்றுக்குத் தூக்கம் கலைந்து சைலஸ் தூரத்திலிருந்து கத்தினார்: "வந்துச்சா?"

"வர்லங்க சார்!"

பதினொன்றரைக்கு: "வந்துச்சா?"

"இல்லீங்க சார்!"

பன்னிரண்டரைக்கு அவரே எழுந்துவந்தார். விளிம்பில் தண்ணீர் நூல்போல, சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. மஞ்சளின் சாயல்கூட இல்லை. வெயில் அதில் விழுந்து, மேலே நின்ற புளியமரத்தின் இலையை ஒன்றுவிடாமல் எண்ணக் காட்டியது. சைலஸ் சந்தேகத்தோடு ஒரு மூங்கில் கழியை வாங்கித் தொட்டியின் அடியில் விட்டு எடுத்தார். கழியின் நுனியில் மஞ்சள் சேறு பூசியிருந்தது.

"மஞ்சளே படுத்துக்கிச்சி," என்றாள் அம்சவல்லி. "தண்ணி சும்மா விட்டா எது எது எங்க போவணுமோ அங்க போவுது."

சைலஸ் இரண்டாவது புட்டியைப் பிடித்தார். இரண்டையும் சுவர்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று காலை ஏழு ஐம்பத்திரண்டு, மற்றொன்று பகல் பன்னிரண்டு நாற்பது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காகிதத்தை முழங்கால்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். மணிவேலுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனாலும் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. புளியமரத்தைப் பார்த்தபடி நின்றான்.

எழுதி முடித்ததும் சைலஸே படித்துக் காட்டினார். தண்ணீர் ஒரே நேரத்தில் வந்து மோதுவதைப் பார்க்காமல், நாள் முழுவதுக்கும் சராசரி போட்டுக் கட்டிய பிழை வடிவமைத்தவருடையது. தொட்டிக்கு முன்னால் இன்னொரு சேகரிப்புத் தொட்டி கட்டி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். அதுவரை பிள்ளைகள் நாலு கூட்டமாகக் குளிக்க வேண்டும். பராமரிப்பில் குறை இல்லை. இப்போதிருக்கும் ஆளே தொடரலாம்.

'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இடறியது. அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தார். மணிவேல் அதைக் கவனித்தான். தன் தலை தப்பிய சந்தோஷத்துக்கு நடுவிலும், "தொட்டிமேல தப்பில்லைங்க சார். சட்டி நல்ல சட்டிதான்" என்றான், ஆறுதலாக.

சைலஸ் முதல் முறையாகச் சிரித்தார். "பலகையில இன்னா எழுதறது இப்ப?"

"வார்டனம்மா மணி அடிக்கிறத பொறுத்துன்னு எழுதுங்க சார்."

அன்னாள் அதுவரை ஓரமாக நின்றிருந்தார். தன் கழுவலால்தான் இத்தனையும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கண்ணாடி இன்னும் மெல்லியதாகிவிடும்போல இருந்தது. ஜீப்பில் ஏறும்போது சைலஸ் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"வார்டனம்மா, அடுத்த முறை எப்ப வர்றேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க கழுவிடுவீங்க."

"சொல்லாம வருவீங்களா?" அன்னாள் அதிர்ந்துபோனார். "அப்ப நான் தெனமும் கழுவி வெச்சிருக்கணுமே!"

மணிவேல் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டிச் சுவரில் சாய்ந்தான். அன்னாள் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அரைமனதோடு, "சாயங்காலமா... கொஞ்சம் கொஞ்சமா கழுவிக்கறேன்" என்றார். அவர் அன்று விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய ராஜ்ஜியம் என்று அந்த விடுதிக்கே தெரியும்.

பொழுது சாய்வதற்குள் மணிவேல் வீட்டுக்கு ஓடினான். வழியில் மூன்று பேரிடம் சொல்லி, அந்த மூன்று பேரும் முப்பது பேரிடம் சொல்லி, அவன் வாசலை மிதிப்பதற்குள் மலைமேல் கடல் வரப்போகிறது என்ற அளவுக்குச் செய்தி வளர்ந்திருந்தது. ஆனால் செல்லியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

சுவரைப் பார்த்தான். ஆணி மட்டும் இருந்தது. பை இல்லை. துணியெல்லாம் அடுக்கி வைத்துவிட்டாள் போலிருக்கிறதே என்று நெஞ்சு திக்கென்றது.

"பை எங்க?"

செல்லி உலக்கையை நிறுத்தாமல் மூலையைக் கண்ணால் காட்டினாள். சிவப்புப் பை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே வைக்கோல். வைக்கோல்மேல் சாம்பல் நிறப் பெட்டைக்கோழி, தன்னைத் தவிர இந்த மலையில் வேறு ஜீவனே இல்லை என்பதுபோல இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது.

"காத்தால நீ போன கையோட பன்னெண்டு முட்டைய வெச்சி உக்கார வெச்சேன்" என்றாள் செல்லி. "இருபத்தோரு நாளைக்கு அந்தப் பைய யாரும் தொடக் கூடாது."

"காத்தாலயேவா? என்ன ஆவுதுன்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?"

செல்லி உலக்கையை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். மணிவேல் கோழியின் பக்கத்தில் குந்தினான். அது ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. கிட்டே வந்தால் கொத்துவேன் என்றது. அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மெதுவாகச் சாமை குத்த ஆரம்பித்தான்.